ஏழாம் நம்பர் உப்பு

கண்கட்டைப் பிரித்த நர்ஸ் சுண்டுவிரலைத் தாயுமானவன் கன்னத்தில் ஊன்றிக்கொண்டதே அவருக்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்திரியை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், இவள் கீழிருந்து மேலே இழுக்கிறாள், பயிற்சி போதாது, எந்தக் காலேஜில் படித்தாளோ, யார் பாஸ் போட்டுத் தொலைத்தார்களோ. "மெதுவாக் கண்ணைத் திறங்க சார்" என்றாள். மெதுவாகத் திறப்பதா வேகமாகத் திறப்பதா என்று கண்ணுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாதா. திறந்தார். வெளிச்சம் சுள்ளென்று உள்ளே வந்தது. நர்ஸின் முகம், அவள் மூக்கோரத்துப் பரு, பின்னால் ஜன்னல் கம்பியில் உரிந்திருந்த பெயிண்ட், எல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன. நேற்றுக் காலை வரை இந்த வலது கண்ணுக்கு ஜன்னல் இருக்கிறது என்பதுதான் தெரிந்தது, கம்பி தெரிந்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, சொன்னால் இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று நிறுத்திக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, டாக்டர் கூப்பிடும்வரை வெளியே உட்காருங்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்றாள். அவர் எழுந்து நேராகப் போய் ஒரு கதவைத் தள்ளினார். "அது ஸ்டோர் ரூம் சார், வழி இந்தப் பக்கம்." முப்பத்துமூன்று வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவரை, ஒரு துறைத் தலைவரை, கதவு விஷயத்தில் ஒரு சின்னப் பெண் திருத்திவிட்டாள். "எழுதிப் போடணும்மா, வர்றவன் ஜோசியமா பாப்பான்" என்றார். எழுதித்தான் போட்டிருந்தது, அவர் மூக்குக்கு நேரே, கை அகல எழுத்தில். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாததை அவர் ஒரு குற்றமாகக் குறித்துக்கொண்டார்.

வெளியே சுவரோரம் பத்துப் பதினைந்து பேர் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணி பக்கத்து நாற்காலியில் பிளாஸ்க்கை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தாள், சரியாக மின்விசிறிக்கு அடியில். கண்ணில் காற்றுப் படக்கூடாது என்பதுகூடத் தெரியாதா என்றார். அவள் எழுந்து பிளாஸ்க், ஃபைல், கைப்பை எல்லாவற்றையும் இரண்டு நாற்காலி தள்ளிக் கொண்டுபோனாள். கல்யாணமான இருபத்தொன்பது வருடமாக அவள் இப்படித்தான் எதையாவது ஒன்றை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். குக்கரின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கொடியில் சட்டையைத் தோளில் தொங்கவிடுவதா அடியில் தொங்கவிடுவதா, போனை எடுத்ததும் முதலில் யார் பேச வேண்டும், எதிலும் அவளுக்கு ஒரு முறை தெரியாது, அவர்தான் சொல்லிக்கொடுத்தார், இன்னும் சொல்லிக்கொடுக்கிறார், நன்றி எதிர்பார்த்தா செய்கிறார். "டெய்சி மேடம் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க" என்றாள் கமலவேணி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "பன்னெண்டு மணிக்கு மார்க் கவரை ஒட்டி அனுப்பணுமாம். அந்தப் பொண்ணு விஷயமா உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஒட்டறேன்னாங்க." அந்தப் பொண்ணு. அவருக்குப் பெயர் தெரியும், கோபிகா, ஆனாலும் பெயரை நினைக்காமல் ஏழாம் நம்பர் என்றுதான் நினைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆன மனுஷனை மறுநாளே போனில் விரட்டுகிறார்கள், இதெல்லாம் ஒரு காலேஜ், இவர்களெல்லாம் ஒரு மேடம். எதிரே கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. கடிகாரம் தெரிந்தது. நொடிமுள் கூடத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், கழற்றாதே என்று சொன்ன கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

மடியில் வைத்ததும்தான் வேட்டி கண்ணில் பட்டது. நீலமாக இருந்தது. லேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீலம். ஆஸ்பத்திரி வேட்டியாக இருக்குமோ என்று கரையைப் பார்த்தார், அவருடையதுதான், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததுதான், வெள்ளை வேட்டி. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னும் ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தார். இப்போது வேட்டி பழுப்படித்த வெள்ளை, தினமும் அவர் பார்க்கிற அதே அழுக்கு வெள்ளை. கையை மாற்றினார். நீலம். மாற்றினார். பழுப்பு. எதிர்ச்சுவரைப் பார்த்தார், புதுக் கண்ணுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளீரென்று இருந்த சுவர் பழைய கண்ணுக்குப் பழைய பேப்பர் நிறத்தில் இருந்தது. கையைத் தூக்கித் தூக்கிப் பொத்துவதைப் பார்த்து எதிரே இருந்த ஒருவர் சிரித்தார். தாயுமானவன் கையைக் கீழே போட்டார், ஆனால் ஒரு கண்ணைச் சிமிட்டி ஒரு கண்ணைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார். இரண்டு வருடமாகக் கமலவேணியிடம் துணி சுத்தமில்லை என்று சண்டை. மஞ்சளடித்துப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எப்படிப் போய் கிளாஸில் நிற்பது, ஊரான் என்ன நினைப்பான். நான்கு வகை சோப்புப்பொடி மாற்றியாயிற்று. வாஷிங் மெஷினை விட்டுக் கையால் துவைக்கச் சொன்னார், துவைத்தாள். மறுபடி அலசச் சொன்னார், அலசினாள். நீலம் போதாது, இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம். ஒருநாள் அவள், "நீலம் ஏற்கெனவே ஜாஸ்திங்க, சட்டை ஆகாசம் மாதிரி இருக்கு" என்றாள். என் கண் பொய் சொல்லுதா என்று கேட்டார். தட்டில் இருந்த கையை உதறிவிட்டு எழுந்தும் போனார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, சொன்ன அளவுக்கு மேலேயே நீலத்தை ஊற்றினாள். இப்போது புரிந்தது. இரண்டு வருடமாக ஊரெல்லாம், காலேஜெல்லாம், அவர் நீல வேட்டியிலும் நீலச் சட்டையிலும் நடமாடியிருக்கிறார், பார்த்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கிறது. வராந்தாவில் பையன்கள் "நீலகண்டன் வர்றார்டா" என்று சொல்லிக் கலைந்து போவார்கள். புதிதாக வந்த அட்டெண்டர் யாருக்கோ நீலகண்டன் என்று பெயர் போலிருக்கிறது என்று இவர் நினைத்து, ஆபீஸில் போய், அந்த நீலகண்டனைக் கொஞ்சம் என் அறைக்கு அனுப்புங்கள் என்று ஒருநாள் கேட்டார். கிளார்க்குக்கு இருமல் வந்துவிட்டது, குடத்தண்ணீர் குடித்துத்தான் நின்றது.

கமலவேணி அவர் மடியைப் பார்த்தாள். அவர் எதைப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தது முகத்தில் வராமல் பார்த்துக்கொண்டாள், அந்தப் பார்த்துக்கொள்வது அவருக்குத் தெரிந்தது, புதுக் கண்ணில் எல்லாம்தான் தெரிகிறது. எத்தனை சொட்டு ஊற்றினாய் என்று கேட்கலாம். கேட்டால் நீலம் என்று ஒத்துக்கொண்டதாகும். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், உலகம் ஒரே கறுப்பாகி நிம்மதியாக இருந்தது. நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. வேட்டி போகட்டும், துணி, துவைத்தால் போகிறது, வேட்டியில் என்ன இருக்கிறது என்று மனசை வேறு பக்கம் திருப்பினார். அது போன பக்கமெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயை யாரோ நீட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயம் ரொம்பச் சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உப்பைக் கரைத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் அடியில் திரளும். வெள்ளையாகத் தயிர் மாதிரித் திரண்டால் குளோரைடு. வெளிர் மஞ்சளாகத் திரண்டால் புரோமைடு. வெள்ளையா, வெளிர் மஞ்சளா. திங்கட்கிழமை இதே ஊரில் இன்னொரு காலேஜில் கடைசி வருஷ பி.எஸ்ஸி. பிராக்டிகல், இவர் வெளியிலிருந்து போன எக்ஸாமினர், டெய்சி ராணி அந்தக் காலேஜ் எக்ஸாமினர். ஏழாம் நம்பர் பாட்டிலை வாங்கின பெண் ஒல்லியாக, லேப் கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள், அக்காளுடைய கோட்டாக இருக்கும். குளோரைடு என்று எழுதியிருந்தாள். குழாயைத் தூக்கிப் பார்த்தார், மஞ்சள். என்ன கலர் என்றார். "ஒயிட் சார்" என்றாள். நல்லாப் பாத்துச் சொல்லு. "ஒயிட்தான் சார்." கண்ணு தெரியலையா உனக்கு என்று கேட்டார். லேப் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

அதோடு அவள் தலையைக் குனிந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். முப்பத்துமூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகள் குனிந்திருக்கிறார்கள், குனிந்தவர்களை அவர் கைவிட்டதில்லை, பாஸ் மார்க்காவது போட்டுத் தூக்கிவிட்டிருக்கிறார், கேட்டுப் பாருங்கள். இவள் நிமிர்ந்தாள். "சார், குழாய்க்குப் பின்னாடி வெள்ளைப் பேப்பர் வெச்சுப் பாக்கணும்னு உங்க புக்லயே போட்டிருக்கீங்க சார்." அவருடைய புத்தகத்தை, அவர் எழுதி எட்டுப் பதிப்பு ஓடின செய்முறைக் கையேட்டை, அவருக்கே எடுத்துக் காட்டுகிறாள், பதினேழாம் பக்கம் என்றுகூடச் சொன்னாள். எல்லாரும் பியூரெட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு தாளை எடுத்துப் பின்னால் பிடித்தாள். தாளும் மஞ்சளாகத்தான் இருந்தது. குழாயில் இருந்ததும் தாளும் ஒரே நிறம், பிரித்துச் சொல்ல முடியாத ஒரே நிறம். அந்த இடத்தில் ஒரு நொடி அவருக்கு என்னமோ தட்டியது, தட்டவில்லை என்று இப்போதும் சத்தியம் செய்வார். டெய்சி ராணி பக்கம் திரும்பி, உங்க காலேஜ்ல ஏன் இவ்வளவு மட்டமான பேப்பர் வாங்குறீங்க, பழுப்படிச்சுப் போயிருக்கு, இதுல பாத்தா எப்படித் தெரியும் என்று சத்தம் போட்டார். அந்த அம்மாள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "மாத்தச் சொல்றேன் சார்" என்றாள். கெட்டிக்காரி. குளோரைடுன்னா அமோனியா ஊத்தினா கரைஞ்சுரும் சார், ஊத்திக் காட்டட்டுமா என்று அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள், அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். எந்தப் பாட்டிலில் எந்த உப்பு என்கிற சாவிப் பட்டியலில் ஏழுக்கு நேரே குளோரைடு என்றுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு மனுஷன் என்ன நினைக்க வேண்டும். தாயுமானவன் நினைத்தது இது. பாட்டிலில் லேபிள் மாறிப்போயிருக்கிறது, உள்ளே இருப்பது புரோமைடு, குழாயில் தெரிவதை எழுதாமல் பட்டியலில் இருப்பதை அந்தப் பெண் எழுதியிருக்கிறாள், ஆகப் பட்டியல் அவளுக்கு முன்கூட்டியே கிடைத்திருக்கிறது. கோர்வையாக இருந்தது. எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்று அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் கூட நினைத்துக்கொண்டார். வேற பாட்டில் குடுத்து மறுபடி செய்யச் சொல்லலாமா சார் என்று டெய்சி ராணி இழுத்தாள். என் கண்ணைவிட உங்க லேபிள் பெரிசா என்றார். ஐம்பதுக்குப் பதினாலு போட்டுக் கையெழுத்திட்டார்.

பக்கத்து நாற்காலிக்கு லால்குடிக்கார அம்மாள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், இரண்டாவது கண்ணுக்கு வந்திருக்கிறாளாம், முதல் கண் பொங்கலுக்கு முன்னால் ஆயிற்றாம். கேட்காமலே கமலவேணியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு மொதக் கண்ணுக் கட்டுப் பிரிச்சதும் சிரிப்பாணி வந்துருச்சு தாயி. எங்க வீட்டுச் செவுரு வெள்ளைன்னே அன்னிக்குத்தான் தெரியும். சோத்துல ஏண்டி மஞ்சளா என்னத்தையோ கலக்குறேன்னு மருமவள எத்தன நாளு ஏசியிருக்கேன். அது பாவம், அரிசிய மாத்தி மாத்தி வாங்கும். புரைன்னா வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுமாமுல்ல, டாக்டரு சொன்னாரு. வீட்டுக்குப் போனதும் அவ கையப் புடிச்சுக்கிட்டேன், கெழவிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடி ஆத்தா, மனசுல வெச்சுக்காதேன்னேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கமலவேணியும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தாயுமானவனால் கணக்குச் சொல்ல முடியாது, அவர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டதில்லை. வெட்கமில்லாத ஜென்மம் என்று அந்த லால்குடி அம்மாளைப் பற்றி நினைத்தார். மருமகள் கையைப் பிடித்தாளாம். இனி அந்த வீட்டில் யார் இவளை மதிப்பார்கள், நாளைக்குச் சோற்றில் நிஜமாகவே கல் கிடந்தாலும் கிழவிக்குக் கண் தெரியாது என்பார்கள், ஒருமுறை இறங்கினால் ஏறுவது ஏது. இறங்கினவர்கள் கதை அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மீசைகூடச் சரியாக இல்லை, போர்டில் ஒரு சமன்பாடு எழுதினார். கடைசி பெஞ்சிலிருந்து அந்தோணிமுத்து என்கிற பையன், "சார், அந்தப் பக்கம் ஒரு ஆக்சிஜன் கொறையுது" என்றான். அறுபது பிள்ளைகள் சிரித்தார்கள். யார் கண்டுபிடிக்கிறீங்கன்னு பாக்கத்தான் விட்டேன் என்று சொன்னார், அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மூன்று வருஷம் அந்தோணிமுத்துவின் இன்டர்னல் மார்க்கில் கழிந்தது. இருபது வருஷம் கழித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தொந்திக்காரன் ஓடிவந்து, "சார், அந்தோணிமுத்து சார், ஞாபகம் இருக்கா" என்று கையைப் பிடித்தான், கூட நின்ற இரண்டு பிள்ளைகளிடம், எங்க கெமிஸ்ட்ரி சார், தங்கமான மனுஷன் என்றான். ஆக்சிஜன் அவனுக்கு ஞாபகமே இல்லை. என்ன பண்றே என்று கேட்டார். டூவீலர் உதிரிபாகக் கடை சார் என்றான். அப்பவே நெனச்சேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். ஏறின பிறகுதான் உறைத்தது, அவன் மறந்துவிட்டான், இவர் ஒருத்தர் மட்டும் அந்த ஒரு ஆக்சிஜனை இருபது வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. போனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெய்சி மேடம், அந்த ஏழாம் நம்பரை மறுபடி பாருங்க, என் பார்வையில கோளாறு இருந்திருக்கலாம். பன்னிரண்டு வார்த்தைகூட இல்லை. திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், அவளே ஆட்டோ பிடித்து இங்கே தாளைக் கொண்டுவருவாள், உள்ளூர்தானே. அந்தப் பெண்ணுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை வந்திருக்கிறதாம், தேறினால் ஜூன் முதல் தேதி சேர வேண்டும், தவறினால் பிராக்டிகல் அரியர் அடுத்த ஏப்ரலில்தான், கம்பெனி அதுவரை காத்திருக்காது. இதையெல்லாம் டெய்சி ராணி கமலவேணியிடம் சொல்லி, கமலவேணி நேற்று ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன் அவரிடம் சொன்னாள், தட்டில் இட்லி வைப்பதுபோல ஒவ்வொன்றாக. ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒரு வார்த்தையோடு நிற்குமா. போன வருஷம் டாக்டர் புரை என்று சொன்னபோது, அவருக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லி மூன்று கண்ணாடிக்கடை மாறினவர் அவர். இங்கே ஆபரேஷன் செய்த டாக்டர், இது ரெண்டு வருஷமா இருந்திருக்கணும் சார் என்றார். இரண்டு வருஷம். எக்ஸாமினராகப் போன ஒன்பது காலேஜ். காலேஜுக்கு இரண்டு நாள், நாளுக்கு இருபது பிள்ளை. பெருக்க ஆரம்பித்து நிறுத்தினார், பெருக்கல் தானாக ஓடியது, கணக்கு வாத்தியாரைவிட வேகமாக ஓடும் மூளை, அதுதான் சனியன். முசிறியில் ஒரு பையன், வெள்ளை என்று எழுதி, அவர் முறைத்ததும் அடித்து மஞ்சள் என்று திருத்தினான், சரி போ என்றார். பெரம்பலூரில் ஒருத்தி அழுதாள். குளித்தலையில் யார், குளித்தலையில் யாரோ. இவளுக்கு பாஸ் போட்டுவிட்டால் அத்தனை பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள், கையில் ஆளுக்கொரு குழாயோடு. கடைசியில் கமலவேணி நிற்பாள், கையில் வாளியோடு.

அப்படியே அவள் சொன்னது சரி என்று வைத்துக்கொண்டாலும், வைத்துக்கொண்டாலும்தான், அவள் சொன்ன விதம் சரியா. சபையில் சொல்வதா. பேப்பரைப் பின்னால் பிடிப்பதா. பார்வையில் ஒரு குறை இருந்தது என்பதற்காகத் தீர்ப்பில் குறை இருந்தது என்று ஆகிவிடுமா. அடக்கம் இல்லாத பெண்ணுக்கு மருந்துக் கம்பெனியில் என்ன வேலை, அங்கே மேலே ஒருத்தன் இருப்பான், அவனிடமும் நிமிர்ந்து பேசுவாள், மூன்றாம் மாதம் துரத்துவான், அதற்கு இப்போதே நின்றுபோனது நல்லதுதான், ஒரு வகையில் அவளைக் காப்பாற்றியதாகத்தான் ஆகும். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. குளிர்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளப் பார்த்தார். கண்ணாடியின் ஓரத்துச் சந்து வழியாகச் சுவர் தெரிந்தது, வெள்ளையாக. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளும் குழாய் நின்றது, அதன் அடியில் திரண்டது தயிர், வெண்ணெய் எடுத்த மோர்த்தயிர்கூட இல்லை, நல்ல கெட்டித் தயிர், வெள்ளை வெளேர். அந்தக் குழாயை அவர் அன்றைக்கு அப்படிப் பார்க்கவில்லை, இனிமேல் வேறு மாதிரிப் பார்க்கப் போவதுமில்லை. தான் கெட்டவன் என்று அந்த நொடியில் தாயுமானவனுக்குத் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, பயமாகவும் இருந்தது. அவர் மட்டும் தனியாக இருந்திருந்தால் ஒருவேளை அழுதிருப்பார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரியா இருக்குமோ என்னமோங்க" என்றாள் கமலவேணி, மெதுவாக. "இந்தம்மா சொல்றதப் பாத்தா." அந்த நீலப் பேச்சுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து இப்படி ஒன்று சொன்னதில்லை. அவள் பார்வை வேட்டியில் இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் எப்படிப் போயிருக்குமோ. அவள் சொன்னதும் அவருக்குள் நெகிழ்ந்துகொண்டிருந்தது சட்டென்று இறுகியது, வழி தெரிந்துவிட்டதுபோல ஒரு தெம்பு வந்தது. "நீ கெமிஸ்ட்ரி படிச்சிருக்கியா" என்று கேட்டார். இல்லை என்றாள். "பின்னே வாயை மூடிக்கிட்டு இரு. சோத்துக் கதை பேசற எடமில்ல இது." லால்குடி அம்மாள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தாள். கமலவேணியின் கைப்பையில் போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள். டெய்சி ராணி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா சார் என்று ஆரம்பித்து, இரண்டு நிமிஷம் சுற்றி வளைத்து, கடைசியில், "சார், கோபிகா இங்கதான் நிக்கிறா. நான் எடுத்துச் சொல்லியிருக்கேன் சார், அவ தப்ப அவ உணர்ந்துட்டா. உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசட்டுமா சார்" என்றாள். குடு என்றார்.

"சார், குட் மார்னிங் சார். கோபிகா பேசறேன் சார்."

"சொல்லு."

"மன்னிச்சிருங்க சார். அன்னைக்கு நான் எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாது சார். பதட்டத்துல சரியாப் பாக்கல சார்." ஒப்பிக்கிற குரல். யாரோ பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள்.

"எதைச் சரியாப் பாக்கல?"

"கலர் சார்."

"என்ன கலர் அது?"

மூச்சு மட்டும் கேட்டது. அவள் கண்ணுக்குள்ளும் அந்தத் தயிர்தான் இருக்கிறது என்று தாயுமானவனுக்குத் தெரியும், இந்த உலகத்தில் இந்த நிமிஷம் அது தெரிந்த இரண்டே பேர் அவளும் அவரும்தான். வெள்ளைதாம்மா என்று அவர் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது, வந்து நின்றது. கமலவேணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் சார்" என்றாள் அந்தப் பெண்.

"நல்ல மஞ்சளா, வெளிர் மஞ்சளா?"

"வெளிர் மஞ்சள் சார்."

அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. பார்த்தவள் ஒருத்தி, அவளே சொல்லிவிட்டாள். இனி யார் வந்து என்ன சொல்ல முடியும். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், குரலில் கிளாஸ் எடுக்கும்போது வருகிற கனிவு தானாக வந்தது.

"ம். வெளிர் மஞ்சளா வந்தா என்ன உப்பு?"

"புரோமைடு சார்."

"கரெக்ட். நீ உன் பேப்பர்ல என்ன எழுதியிருக்கே?"

பின்னால் டெய்சி ராணி, சொல்லு, சொல்லு என்று கிசுகிசுப்பது கேட்டது. அந்த அம்மாளுக்கு இன்னும் புரியவில்லை. பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"குளோரைடு சார்."

"அப்ப நீயே சொல்லும்மா. தப்பான விடைக்கு நான் எப்படி பாஸ் போட முடியும்?"

"சார்..."

"அடுத்த ஏப்ரல்ல நல்லாப் பாத்து எழுது. மேடத்தைக் கவரை ஒட்டிரச் சொல்லு."

"சரிங்க சார்" என்றாள் கோபிகா. வாத்தியார்கள் பேசி முடித்ததும் மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய், அது பாட்டுக்கு, "தேங்க்யூ சார்" என்றும் சொன்னது.